கிண்ணத்தை எடுக்காதீங்க!

புதுசா வந்த நாய்க்குட்டி ஓயாமல் தண்ணீர் குடிக்கிறதா? பயப்படும் முன் அளந்து பாருங்கள்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்தில் நாய்க்குட்டி வந்து இறங்கினாலும் சரி, பெயர் வைத்து முடிப்பதற்குள் வீட்டில் ஒரு கவலை முளைத்துவிடும். “காலையிலேர்ந்து நாலு தடவை கிண்ணத்தை நிரப்பியாச்சு. வெச்சதை வெச்சதை குடிச்சுடுது. வீடு முழுக்க ஈரம். ஒருவேளை சுகரா இருக்குமோ?”

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாத்தாவுக்கோ அத்தைக்கோ சர்க்கரை நோய் இல்லாத வீடு இன்று அபூர்வம். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்றாலே நமக்கு மனசில் வருவது சுகர்தான். அதே கணக்கை நாற்பது நாள் குட்டியின் தலையிலும் ஏற்றிவிடுகிறோம். அதற்குள் பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு யோசனையும் வந்துவிடும்: “சாயந்திரம் ஏழு மணிக்கு மேல தண்ணிக் கிண்ணத்தை எடுத்து வெச்சிடுங்கக்கா. தரையும் நனையாது, உங்க தூக்கமும் கெடாது.”

முதலாவது, பெரும்பாலும் தேவையில்லாத பயம். இரண்டாவது, நல்லெண்ணத்தில் சொன்ன தவறான யோசனை. குட்டி குடிப்பது அதிகமா, அளவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்தால் தெரிந்துவிடும். அளந்த பிறகு அதிகம் என்றே தெரிந்தாலும், கிண்ணத்தை எடுக்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

பால் நின்றது, தாகம் வந்தது

குட்டிக்குத் தண்ணீர்க் கிண்ணம் புதுசு. பிறந்த முதல் சில வாரங்கள் அதற்குத் தண்ணீரே தேவைப்படவில்லை. தாய்ப்பாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். பசியும் தாகமும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும். தாயிடமிருந்து பிரித்து ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டும் தனித்தனியாகிவிடுகின்றன. சாப்பாடு ஒரு தட்டில், தண்ணீர் ஒரு கிண்ணத்தில். அதனால் குட்டி தண்ணீர் குடிப்பது திடீரென்று நம் கண்ணில் படுகிறது.

இதில் வயசும் ஒரு விஷயம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனால், “நாற்பது நாள் ஆச்சு, எடுத்துட்டுப் போங்க” என்று கொடுப்பதுதான் ஊர் வழக்கம். அந்த வயதில் குட்டியின் சிறுநீரகம் முழுதாகத் தேர்ந்திருக்காது. வளர்ந்த நாயின் சிறுநீரகம் தண்ணீரை உடம்பிலேயே நிறுத்திக்கொண்டு, கழிவை மட்டும் கெட்டியான சிறுநீராக வெளியேற்றும். அந்தத் திறமை குட்டிக்கு முழுசாகக் கைவர பத்து, பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை சிறுநீர் நீர்த்துத்தான் போகும். நிறையப் போகும். போனதை ஈடுகட்டக் குட்டி குடிக்கும்.

இதற்கு மேல் விளையாட்டு, ஓட்டம், வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு இரைப்பிலும் ஈரம் ஆவியாகிப் போகிறது. கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்குச் சும்மா படுத்திருக்கும் குட்டிக்கே தண்ணீர் செலவாகிக்கொண்டுதான் இருக்கும். மூக்கு சப்பையான பக், ஷிட்ஸு போன்ற இனங்களுக்குச் சூட்டை வெளியேற்றுவது இன்னும் கஷ்டம்.

குடிக்கும் விதமும் நம்மை ஏமாற்றும். நாய் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. நாக்கின் நுனியைப் பின்பக்கமாக மடித்து, தண்ணீருக்குள் அடித்து, சடாரென்று மேலே இழுக்கிறது. நாக்கோடு சேர்ந்து ஒரு நீர்த்தூண் எழும்பும். அது சரிவதற்குள் வாயை மூடி அதைக் கவ்விக்கொள்கிறது. 19 நாய்களைப் படம்பிடித்து இதை விளக்கிய அமெரிக்க ஆய்வு 2015-இல் வெளிவந்தது. இந்த வித்தையைக் குட்டி இப்போதுதான் பழகுகிறது. ‘சளக் சளக்’ என்று சத்தம் பெரிசாக இருக்கும். கிண்ணத்தில் இருப்பதில் கணிசமான பங்கு தரையில் கிடக்கும். காலி கிண்ணத்தைப் பார்த்து நாம் அத்தனையும் வயிற்றுக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொள்வோம்.

சோற்றுக்கும் டிரை ஃபுட்டுக்கும் நடுவே 300 மில்லி

போன வாரம்வரை குழைந்த சோறும் கோழியும் தின்ற குட்டியை, கடைக்காரர் சொன்னார் என்று டிரை ஃபுட்டுக்கு மாற்றுகிறார்கள். மறுநாளே தாகம் இரட்டிப்பாகிறது. “அந்த பாக்கெட்ல ஏதோ கலக்குறாங்க” என்று சந்தேகம் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நாலு கிலோ எடையுள்ள மூன்று மாதக் குட்டி நாளொன்றுக்கு 150 கிராம் டிரை ஃபுட் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஈரப்பதம் பத்து சதவீதம்தான். ஆக, சாப்பாட்டின் வழியே கிடைக்கும் தண்ணீர் 15 மில்லி. அதே சத்துக்குச் சோறும் கோழியும் கொடுத்தால் ஏறக்குறைய 450 கிராம் வேண்டியிருக்கும். அதில் எழுபது சதவீதம் தண்ணீர். அதாவது 300 மில்லிக்கு மேல். முன்பு தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போன அந்த 300 மில்லியை, இப்போது கிண்ணத்திலிருந்து நம் கண்ணெதிரே குடிக்கிறது. உடம்புக்குள் போகும் மொத்தத் தண்ணீர் மாறவில்லை.

இன்னும் இரண்டு வில்லங்கங்கள் நம் சமையலறையில் உண்டு. ஒன்று உப்பு. கடலூர் மாவட்டத்து வீட்டில் கருவாட்டுக்குப் பஞ்சம் இருக்காது. மிச்சமான கருவாட்டுக் குழம்பு, சிப்ஸ், மிக்சர் என்று ஆளுக்கொரு பிடி ஊட்டிவிட்டால் குட்டி தண்ணீருக்கு ஓடத்தான் செய்யும். மற்றொன்று பசும்பால். நாய்ப் பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பால் சர்க்கரை குறைவு. பசும்பாலில் இருக்கும் பால் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு வரும். போன தண்ணீரை ஈடுகட்டத் தாகம் எடுக்கும். தாகமாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் பால் ஊற்றுவோம். பாலை நிறுத்தினாலே பல வீடுகளில் பிரச்னை பாதி தீர்ந்துவிடும்.

ஷிப்ட் வீட்டில் கணக்கு யாரிடம்?

நெய்வேலிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து விடிகாலையில் வருகிறார். குட்டியின் கிண்ணம் காலி. பாவம் என்று நிரப்பிவிட்டுப் படுக்கப் போகிறார். பள்ளிக்குக் கிளம்பும் மகள் தன் பங்குக்குக் கொஞ்சம் ஊற்றுகிறாள். மதியம் அம்மா கழுவி வைக்கும்போது மிச்சமிருந்ததைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் வைக்கிறார். சாயந்திரம் பாட்டி. இரவு எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது நாலு பேரும் நாலு தடவை நிரப்பியதாகச் சொல்வார்கள். “ஒரே நாள்ல நாலு கிண்ணமா?” என்று வீடே பதறும். உண்மையில் குட்டி குடித்தது ஒன்றரைக் கிண்ணமாக இருக்கலாம்.

அனல்மின் நிலையத்தில் ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்குப் பொறுப்பு மாறும்போது லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். குட்டியின் கிண்ணத்துக்கும் அப்படி ஒரு தாள் போதும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். யார், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி ஊற்றினார் என்று மட்டும் எழுதினால் போதும்.

24 மணி நேரக் கணக்கு: எப்படி எடுப்பது?

• முதலில் குட்டியின் எடை. வீட்டு எடை மெஷினில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் குட்டி.

• காலை ஆறு மணிக்குக் கிண்ணத்தைக் காலி செய்து, மருந்து மூடியோ அளவு டம்ளரோ கொண்டு 500 மில்லி அளந்து ஊற்றுங்கள். குறைந்தால் மறுபடி அளந்து ஊற்றி எழுதுங்கள். கீழே சிந்தாத கனமான எவர்சில்வர் கிண்ணம் நல்லது.

• அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு தண்ணீர் ஊற்றி, அதே அறையில் குட்டிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மறுநாள் அதில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அது வெயிலும் ஃபேனும் குடித்தது. அதைக் கழித்துவிடுங்கள்.

• பாத்ரூம் வாளி, ஏர்கூலர் தொட்டி, ஏசி தண்ணீர் சொட்டும் மூலை, தோட்டத்துக் குழாயடி என்று வேறு தண்ணீர் எதுவும் குட்டிக்குக் கிடைக்கக் கூடாது.

• மறுநாள் காலை ஆறு மணிக்கு மிச்சத்தை அளந்து, ஊற்றிய மொத்தத்திலிருந்து கழியுங்கள். வந்ததைக் குட்டியின் எடையால் வகுங்கள். மூன்று நாள் எடுத்துச் சராசரி பார்ப்பது உத்தமம்.

வளர்ந்த நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி சாதாரண அளவு. 100 மில்லியைத் தாண்டினால் அதிக தாகம் என்று கால்நடை மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஓடியாடி வளரும் குட்டி இயல்பாகவே மேல் எல்லையை ஒட்டி நிற்கும். நாலு கிலோ குட்டி டிரை ஃபுட் தின்றுகொண்டு, நாளுக்கு 300, 350 மில்லி குடித்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வெயில் நாளில் ஒருநாள் 400-ஐத் தொட்டாலும் பதற வேண்டாம். மழை, மேகமூட்டம் என்று பாராமல் தொடர்ந்து மூன்று நாள் 400-க்கு மேல் போகிறது என்றால், அல்லது குடிக்கும் அளவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால், டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

எது முன்னால், எது பின்னால்?

இந்த விஷயத்தில் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. “நிறையக் குடிக்குது, அதனால நிறையப் போகுது” என்றுதான் நினைக்கிறோம். விளையாட்டுக்காகத் தண்ணீர் குடிக்கும் சில குட்டிகளிடம் அது உண்மை. ஆனால், நோயால் வரும் தாகத்தில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் தண்ணீர் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. மூளை அதை உணர்ந்து, “போய்க் குடி” என்கிறது. தாகம் பின்னால் வருவது.

இதை வைத்துத்தான் மனிதர்களின் சர்க்கரை நோயே விளங்கியது. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் ஜோசப் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அறுவை செய்து எடுத்தார்கள். வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழக்கப்பட்ட நாய் அது. அறுவைக்குப் பிறகு அடக்க முடியாமல் ஆய்வகத் தரையிலேயே கழிக்க ஆரம்பித்தது. சோதித்துப் பார்த்தால் சிறுநீரில் சர்க்கரை. கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1921-இல் டொராண்டோவில் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களை வைத்துத்தான். இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு, தரையை ஈரமாக்கிய அந்த நாய்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த ஸ்ட்ராஸ்பர்க் நாயின் தண்ணீரை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிறுநீர் நின்றிருக்காது. உடம்பு வற்றிச் செத்திருக்கும். இரவில் கிண்ணத்தை எடுத்து வைக்கும் யோசனை ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே பதில். சிறுநீரகம் சரியில்லாத குட்டிக்கு அது குடிக்கும் தண்ணீர்தான் உயிர்ப்பிடி. நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் அந்தப் பிடியை நாம் விடுவிக்கக் கூடாது. தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் பரிசோதனை ஒன்று மருத்துவத்தில் உண்டுதான். அதை ஆஸ்பத்திரியில் வைத்து, எடையையும் ரத்தத்தையும் அடிக்கடி பார்த்துக்கொண்டே செய்வார்கள். வீட்டில் செய்கிற காரியம் அல்ல.

சுகராகவே இருக்குமோ?

குட்டிக்குச் சர்க்கரை நோய் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அபூர்வம். நாய்களுக்கு அது பெரும்பாலும் நடுவயதிலும் அதற்குப் பிறகும்தான் வருகிறது. குட்டியின் தாகத்துக்குப் பின்னால் டாக்டர்கள் தேடுவது வேறு சில காரணங்களை.

அதிகம் பார்ப்பது சிறுநீர்த் தொற்று. பெண் குட்டிகளுக்கு இது சகஜம். இதில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. தொற்று இருந்தால் அடிக்கடி உட்காரும். ஒவ்வொரு தடவையும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். சில சமயம் சிவப்பாகவும் போகும். சிறுநீரகக் கோளாறு, ஹார்மோன் கோளாறு என்றால் ஒவ்வொரு தடவையும் குளமாகப் போகும். நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீராக இருக்கும். ‘அடிக்கடி’ என்பதும் ‘நிறைய’ என்பதும் வேறு வேறு. டாக்டரிடம் இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் நல்லது.

பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளராத குட்டிகள் உண்டு. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போய்விடும் பிறவிக் குறையும் உண்டு. இப்படிப்பட்ட குட்டிகள் உடன்பிறந்தவற்றைவிடச் சின்னதாக நின்றுவிடும், எடை ஏறாது, சாப்பிட்ட பிறகு மந்தமாகத் தள்ளாடும். ‘டயபடீஸ் இன்சிபிடஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பெயரில் டயபடீஸ் இருந்தாலும் சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிறுநீரைக் கெட்டியாக்கச் சொல்லும் ஹார்மோன் மூளையில் சுரக்கவில்லை, அல்லது அதன் பேச்சைச் சிறுநீரகம் கேட்கவில்லை. ஹார்மோன் சுரக்காத வகைக்கு மருந்து உண்டு. அதை நாயின் கண்ணில் சொட்டு மருந்தாகவே விடுவார்கள்.

மழைக்காலத்தில் கடலூர் மாவட்டத்தில் மறக்கக் கூடாதது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து இந்தக் கிருமி தொற்றும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். குட்டிகளுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் இதற்கான மருந்தும் சேர்ந்திருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு மூன்று, நாலு வாரத்துக்கு ஒன்று என்று பதினாறு வாரம்வரை. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு, “அதான் போட்டாச்சே” என்பவர்கள் அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தாகத்தோடு வாந்தியும் நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் பார்வோவாக இருக்கலாம். 1978 வாக்கில் உலகைச் சுற்றிய வைரஸ் அது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டறியப்பட்டது. பார்வோ வந்த குட்டி தண்ணீரை நோக்கிப் போகும். குடித்ததை வாந்தி எடுக்கும். அங்கே மில்லி கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே டிரிப் ஏற்ற வேண்டும்.

நோயே இல்லாமல் மருந்தாலும் தாகம் வரும். அரிப்புக்காகப் போட்ட ஊசியிலோ மாத்திரையிலோ ஸ்டீராய்டு இருந்தால் குட்டி இரண்டு மடங்கு குடிக்கும். மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதற்காக ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். எலி மருந்துகளில் வைட்டமின் டி கலந்த ஒரு வகை உண்டு. அது ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் எலி மருந்து வைத்த நாளிலிருந்து தாகம் ஆரம்பித்தது என்றால் காத்திருக்காமல், அந்த பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

ஒரு சொட்டில் பாதி விடை

டாக்டரிடம் போகும்போது குட்டியோடு அதன் சிறுநீரும் போனால் வேலை சுலபம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர்தான் வேண்டும். தோட்டத்துக்கு அழைத்துப் போய், குட்டி உட்கார்ந்து ஆரம்பித்த பிறகு, நீளக் காம்புள்ள ஒரு பழைய குழம்புக் கரண்டியைப் பின்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். முதல் முயற்சியில் குட்டி கரண்டியைக் கடித்து விளையாடப் பார்க்கும். பொறுமை வேண்டும். சுத்தமான சின்ன பாட்டிலில் ஊற்றி, ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். கரண்டியை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை!

அந்தச் சிறுநீரில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீரின் அடர்த்தி 1.000. நல்ல சிறுநீரகம் உள்ள வளர்ந்த நாயின் சிறுநீர் 1.030-ஐத் தாண்டக்கூடியது. மூன்று, நாலு மாதக் குட்டியின் காலை முதல் சிறுநீரும் அந்தப் பக்கமாக இருந்தால், சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்று பெருமூச்சு விடலாம். திரும்பத் திரும்ப 1.008-க்குக் கீழே இருந்தால் தேட வேண்டியது இருக்கிறது. கூடவே ஒரு பட்டையை நனைத்தால் சர்க்கரை, புரதம், ரத்தம் மூன்றும் நிமிடத்தில் தெரிந்துவிடும். “சுகரா இருக்குமோ?” என்ற கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பெரிய பரிசோதனைகளுக்குப் போக வேண்டியிருந்தால், நெய்வேலிக்குக் கிட்டத்தில் புதுச்சேரி குரும்பாப்பேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கிய பழைய நிறுவனம்.

எந்தத் தண்ணீர் வைப்பது?

தண்ணீரைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரின் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் இருக்கிறது. அதை ராப்பகலாக இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பொத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் தண்ணீர் இறைத்த ஊர் இது. வறட்சிக் காலத்தில் சென்னைக்கும் இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் போயிருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நீரின் தரம் பற்றிய கேள்விகளும் பழையவைதான். 2023-இல் பூவுலகின் நண்பர்கள் அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கைக்குப் பிறகு அந்த விவாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது.

குட்டிக்கு இதில் சுருக்கமான விதி ஒன்றுதான். நீங்கள் குடிக்கும் தண்ணீர் எதுவோ அதையே வையுங்கள். வீட்டில் கேன் தண்ணீர் குடித்துவிட்டு, நாய்தானே என்று மோட்டார் தண்ணீரைப் பிடித்து ஊற்ற வேண்டாம். தினமும் கிண்ணத்தைக் கழுவுங்கள். வழவழப்பு ஏறிய கிண்ணம் கிருமிக் கூடு. வாசலில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றால் டெங்கு கொசுவுக்கும் அது வீடாகிவிடும்.

விளையாட்டும் விபரீதமும்

அளவுக்கு மீறிய தண்ணீரே ஆபத்தாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. தோட்டத்தில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் சில குட்டிகள் பீய்ச்சும் தண்ணீரைக் கடித்துக் கடித்து விழுங்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வீடியோவும் எடுப்போம். குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். வயிறு உப்பும், வாந்தி வரும், தள்ளாடும், வலிப்புகூட வரலாம். உயிருக்கே ஆபத்தான அவசரம் அது. ஹோஸ் விளையாட்டு சில நிமிடம் போதும். நாள் முழுக்கத் தனியாகக் கட்டிப்போட்ட குட்டி சலிப்பில் தண்ணீர் குடிப்பதையே பொழுதுபோக்காக்கிக் கொள்வதும் உண்டு. அதற்கு மருந்து நடைப்பயிற்சியும் துணையும்தான்.

தண்ணீரை வைத்து நம்மிடம் ஆழமாக ஊறிய நம்பிக்கை இன்னொன்று. “தண்ணி நல்லா குடிக்குதே, அப்போ வெறி இல்லை.” தண்ணீரைக் கண்டு நடுங்குவது ரேபிஸ் வந்த மனிதரிடம் தெரியும் அறிகுறி. நாய்களிடம் அது அப்படி வெளிப்பட வேண்டும் என்றில்லை. ரேபிஸ் உள்ள நாயும் தண்ணீர்க் கிண்ணத்தருகே போகலாம். தடுப்பூசி போடாத குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டி தண்ணீர் குடிப்பதைச் சாட்சியாக வைத்துக் காத்திருக்காதீர்கள்.

அப்போ ராத்திரி என்ன செய்யறது?

தரை நனைவதுதான் பிரச்னை என்றால் அதற்கு வழி இருக்கிறது. குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம்தான். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரவுச் சாப்பாட்டைச் சற்று முன்னதாகக் கொடுங்கள். படுக்கப் போகுமுன் வெளியே அழைத்துப் போங்கள். நடு இரவில் அலாரம் வைத்து ஒருமுறை எழுந்திருங்கள். வீட்டில் யாராவது நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வருகிறவர் இருந்தால் குட்டிக்கு அது அதிர்ஷ்டம். வந்த கையோடு தோட்டத்துக்கு ஒரு நடை போகலாம். மற்றபடி பழைய செய்தித்தாளும் மாப்பும் கொஞ்ச நாளைக்கு வீட்டின் அங்கங்கள். தரைக்காகக் கிண்ணத்தை மட்டும் எடுக்காதீர்கள்: வளர்ப்புப் பிராணிக்குப் போதிய தண்ணீர் தராதது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

குட்டி துள்ளி விளையாடுகிறது, எடை வாராவாரம் ஏறுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, மூன்று நாள் கணக்கும் வரம்புக்குள் இருக்கிறது என்றால், குடிக்கட்டும் விடுங்கள். சோர்ந்து கிடக்கிறது, எடை ஏறவில்லை, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கிறது, சிறுநீரில் ரத்தம் தெரிகிறது, தூக்கத்தில் எழுந்து போய்க் குடித்துவிட்டு வருகிறது என்றால் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். எப்படியானாலும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். “ரொம்பத் தண்ணி குடிக்குது டாக்டர்” என்று சொன்னால் அவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கும். “நாலு கிலோ குட்டி, டிரை ஃபுட், மூணு நாளா சராசரி 600 மில்லி, காலைச் சிறுநீர் பாட்டில்ல இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஐந்தாவது நிமிடம் எந்தப் பரிசோதனை தேவை என்று அவர் எழுத ஆரம்பித்திருப்பார்.